ஒரு மணிக்குத் திரும்பிய கடலை

கேள்வி கேட்டவர் கடைசி வரிசையில் இருந்த ஒரு விருந்தாளி. வேறோர் ஆய்வுக்கூடத்துக்காரர். கையை மட்டும் தூக்கினார், எழுந்திருக்கவில்லை.

"படம் அழகா இருக்குங்க. ஒரே ஒரு சந்தேகம். இந்தக் கடலை படிகத்தோடதா, இல்ல அதை மாட்டியிருக்கிற உங்க கம்பியோடதா?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரைக்குப் பக்கத்தில் நின்ற கோந்தக்கா சிரிக்கவில்லை. திரையில் இருந்த வரைபடம் உரிக்காத வேர்க்கடலை மாதிரியே இருந்தது. இரண்டு முனையிலும் உப்பல், நடுவில் ஒடுங்கிய இடுப்பு. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அதைக் கடலை என்றே சொன்னார்கள். அக்கா அளவெடுக்க உட்கார்ந்துவிட்டால், "இப்பப் போகாதீங்க, அக்கா கடலை போடுறாங்க" என்று வாசலிலேயே தகவல் கிடைத்துவிடும்.

"படிகத்தைக் கழட்டி, திருப்பி ஒட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும்" என்றார் அக்கா.

"பார்த்தீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப பார்த்துட்டு அச்சுக்கு அனுப்பலாமே."

கட்டுரை ஏற்கெனவே அச்சுக்குப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பத்திரிகைக்கு 'சரி' என்று ஒரு வார்த்தை எழுதினால் வெளிவந்துவிடும். முதல் பெயர் அக்காவுடையது. தப்பு என்று பிறகு யாராவது நிரூபித்தால், அந்தத் தப்புக்கும் முதல் பெயர் அவருடையதுதான்.

அவருக்குக் கோந்தக்கா என்று பெயர் வந்தது மாணவியாக இருந்த காலத்தில். அன்று அவர் ஒட்டிய முதல் படிகம் கடும் குளிரில் கழன்று குளிர்கலத்தின் அடியில் விழுந்துவிட்டது. அதை எடுக்கக் கலத்தையே பிரிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் கோந்தோடு குடித்தனம் நடத்தத் தொடங்கினார். எது குளிரில் விரியும், எது சுருங்கும், எது கரையும் என்றெல்லாம் பார்த்துப் பார்த்து, கடைசியில் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். அடியில் மூச்சுக்காற்று பட்டாலே உலர்ந்துவிடும் அளவுக்கு மெல்லிய பூச்சு. அப்புறம் தன் பக்கம் இருக்கும் ஓரத்தில் மட்டும், சுவர் அடியில் பட்டை அடித்த மாதிரி, ஒரு கோடு. மற்றவர்கள் நாலு பக்கமும் அப்புவார்கள். அக்கா ஒரு பக்கம்தான். அதற்கு ஓரக்கோந்து என்று பெயரும் வைத்தார். மேல்மாடி ஆட்கள்கூடப் படிகத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். "அக்கா ஒட்டினா எமனே வந்தாலும் பிரிக்க முடியாது" என்பார்கள். அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கும்.

இப்போது பிரித்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். சில பொருள்களைப் போதுமான அளவு குளிர வைத்தால் அவற்றில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். மீக்கடத்தி என்று அவற்றுக்குப் பெயர். உள்ளே எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துகொள்வதால் வரும் குணம் அது. வலுவான காந்தத்தைக் காட்டினால் ஜோடிகள் பிரிந்து அந்தக் குணம் செத்துப்போகும். எந்தத் திசையில் எவ்வளவு காந்தம் வேண்டியிருக்கிறது என்று சுற்றிச் சுற்றி அளந்து வரைவதுதான் அக்காவின் வேலை. கம்பியின் முனையில் நகக்கண் அளவு மேடை, மேடைமேல் படிகம். கம்பி குளிர்கலத்துக்குள் இறங்கிக் கடிகார முள் மாதிரி சுழலும்.

இந்தப் படிகம் பிஸ்மத்தும் செலினியமும் கலந்தது, ஒரு சிட்டிகை ஸ்ட்ரான்சியம் போட்டது. மேலிருந்து பார்த்தால் அணுக்கள் முக்கோணம் முக்கோணமாக நிற்கும். கடிகாரக் கணக்கில் சொன்னால், பன்னிரண்டு–ஆறு, இரண்டு–எட்டு, நாலு–பத்து என்று அதற்கு மூன்று கோடுகள். மூன்றும் சமம், ஒன்றைவிட இன்னொன்று ஒசத்தி இல்லை. ஆக வரைபடமும் மூன்று பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆனால் அக்காவுக்குக் கிடைத்தது கடலை. பன்னிரண்டு–ஆறு பக்கம் மட்டும் நீண்டு, மற்ற இரண்டு கோடுகளையும் அம்போ என்று விட்டுவிட்டது. சமமான மூன்று பேரில் ஒருவரை மட்டும் ஜோடிகள் தேர்ந்துகொண்டன என்று அர்த்தம்.

அது உண்மையானால் பெரிய விஷயம். சாதாரண மீக்கடத்தியில் ஜோடிகளுக்குத் திசையே கிடையாது. திசை பார்க்கும் ஜோடிகள் வேறு ஜாதி. கயிற்றில் முடிச்சு விழுந்துவிட்டால் இழுத்தாலும் கசக்கினாலும் முடிச்சு முடிச்சுதானே, அந்த மாதிரி எளிதில் குலைக்க முடியாத ஒரு நிலை அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் சொல்கிறார்கள். அந்த முடிச்சுக்குப் போகும் வாசல்களில் ஒன்று இந்தக் கடலை.

ஆனால் மேடை தலைமுடி அளவு சாய்ந்திருந்தாலும் இதே கடலை வரும். விருந்தாளி கேட்டது அதைத்தான்.

சோதனை எளிது. படிகத்தைக் கால்வட்டம் திருப்பி ஒட்ட வேண்டும். கடலை படிகத்துடையது என்றால் அதுவும் கூடவே திரும்பி மூன்று–ஒன்பதில் நிற்கும். கம்பியுடையது என்றால் பன்னிரண்டு–ஆறை விட்டு நகராது. இவ்வளவு எளிதான சோதனையை அக்கா ஏன் முன்பே செய்யவில்லை என்றால், உருப்படியாக இருந்தது அந்த ஒரே படிகம். அது புத்தகம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். தப்பாக இழுத்தால் பக்கம் பக்கமாகப் பிரிந்து வரும்.

துறைத்தலைவரை எல்லோரும் மேடம் என்பார்கள். அவர் அக்காவை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"சனிக்கிழமையில இருந்து குளிர்கலம் அடுத்த குழுவுக்குப் போகுது. அப்புறம் எப்பத் திரும்பி வரும்னு நான் வாக்கு தர முடியாது."

"தெரியும் மேடம்."

"கழட்டும்போது பிளந்துட்டா?"

"உண்மையும் போச்சு, படிகமும் போச்சு."

"கழட்டாம 'சரி'ன்னு அனுப்பிட்டா?"

"தூக்கம் போச்சு."

மேடம் பேனாவை மூடினார். "உங்க பேருதான் முன்னாடி இருக்கு. நீங்களே முடிவு பண்ணுங்க."

அக்கா கட்டடத்தின் அடித்தளத்துக்கு இறங்கினார். அங்கேதான் உலைகள். படிகங்களைக் காய்ச்சி எடுக்கிறவரை எல்லோரும் சமையல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவைவிட இளையவர், வாய் மட்டும் மூத்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் உலைக்கதவில் சாய்ந்துகொண்டார்.

"அந்த உலையில போட்டதுல பாதி வேகல, பாதி தீஞ்சு போச்சு. பதமா வந்தது அது ஒண்ணுதான்க்கா. பெத்தவன்கிட்டயே வந்து, உன் புள்ளய அறுத்துப் பார்க்கட்டுமான்னு கேக்குறீங்க."

"அறுக்கல. கழட்டுறேன்."

"உங்க கோந்தைக் கழட்டுறதுக்கு அறுக்குறதே தேவலை."

இருந்தாலும் அவர் கூடவே வந்தார்.

கண்ணாடித் தட்டில் கரைப்பான் ஊற்றி மேடையை அப்படியே அமிழ்த்தினார்கள். கோந்து தானாக இளகிப் படிகம் நழுவி வரும்வரை தொடக்கூடாது. நுண்ணோக்கியில் அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்துக் கோடு முதலில் வெளுத்தது, அப்புறம் வழவழத்தது. அடிப்பூச்சு விடவில்லை. சமையல்காரர் நின்றார், உட்கார்ந்தார், மறுபடி நின்றார்.

"லேசா ஒரு தட்டு தட்டினா?"

"தட்டின கைய நான் தட்டிடுவேன்."

படிகத்தின் ஒரு முனையில் மெல்லிய தகடு ஒன்று பிரிந்து எழும்பியது. தகடு ஆடியது, ஆடிக்கொண்டே தனியாக மிதந்து போனது. மேல்தோல் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் மொத்தப் படிகமும் சத்தமில்லாமல் வழுக்கித் தட்டின் நடுவுக்கு வந்தது. அதன் ஒரு மூலை பழையபடியே சரிவாக உடைந்திருந்தது. புதிதாக ஒன்றும் உடையவில்லை.

"மூச்சு விடலாமா?" என்றார் சமையல்காரர்.

"அந்தப் பக்கம் திரும்பி விடுங்க. இது பறந்துடும்."

கால்வட்டம் திருப்பி ஒட்டினார். அடியில் பூச்சு, ஓரத்தில் கோடு. கம்பி கலத்துக்குள் இறங்கியது. மறுநாள் மதியம் அளவு முடிந்தது. திரையில் கோடு சுற்றி வந்து முழுசாக மூடியபோது இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

கடலை பன்னிரண்டில் இல்லை. மூன்றிலும் இல்லை. ஒன்று–ஏழில் நின்றது.

"வழி கேட்டா வயசு சொல்லுது" என்றார் சமையல்காரர்.

அக்கா கம்பியை மேலே எடுத்து ஒட்டியதைச் சரிபார்த்தார். கோணம் சரியாகவே இருந்தது. மேடம் வந்து திரையைப் பார்த்தார். "படிகத்துக்கு அடி பட்டிருக்கும். இல்லன்னா முதல்ல பார்த்ததே தப்பா இருக்கும். ரெண்டுல எதுவா இருந்தாலும் இதை வச்சு 'சரி'ன்னு எழுத முடியாது" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அக்காவைச் சுட்டது.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அக்கா எல்லாவற்றையும் கணவரிடம் கொட்டினார். கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எண்ணெய்க் கறை போகக் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணுதான் வருதுன்னா ஒண்ணுன்னே எழுதிட வேண்டியதுதானே?"

"முதல்ல பன்னிரண்டுன்னு எழுதியிருக்கேனே."

"மதியச் சாப்பாட்டுக்கு லேட் ஆயிடுச்சுன்னு சொல்லிப் பாரேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அதே நேரம் பார்த்துத் தங்கையிடமிருந்து போன் வந்தது. அப்பா போன பிறகு அம்மா முறை வைத்துத்தான் இருந்தார். அண்ணன் வீட்டில் கொஞ்ச காலம், இவர் வீட்டில் கொஞ்ச காலம், தங்கை வீட்டில் கொஞ்ச காலம். இனிமேல் சுற்றமாட்டாராம். தங்கை வீட்டிலேயே இருந்துவிடப் போகிறாராம்.

"எங்க வீட்ல என்ன குறை வச்சோம்?" என்று போனை வைத்ததும் கணவரிடம் கேட்டார்.

"என்னைக் கேட்டா? நான் மருமகன். எங்க முறையில குறை மட்டும்தான் இருக்கும்."

வியாழக்கிழமை காலை அக்கா ஒரு வெள்ளைத்தாளில் கடிகாரம் வரைந்தார். படிகத்தின் மூன்று கோடுகளையும் அதில் போட்டார். பன்னிரண்டு–ஆறு, இரண்டு–எட்டு, நாலு–பத்து. கால்வட்டம் திருப்பினால் எல்லாம் மூன்று மணி தள்ளிப்போகும். மூன்று–ஒன்பது. ஐந்து–பதினொன்று. ஏழு–ஒன்று.

பென்சில் நின்றது.

ஒன்று–ஏழும் படிகத்தின் கோடுதான். கடலை வழி தவறி எங்கோ போய் நிற்கவில்லை. மூன்று பேரில் ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரிடம் போயிருக்கிறது. கம்பியின் சாய்வுக்குப் படிகத்தின் கோடு எது என்று எப்படித் தெரியும்? ஆனால் போனது ஏன்? படிகம் அதே படிகம், கலம் அதே கலம். யார் தள்ளிவிட்டது?

அந்தச் சமயம் மேல்மாடிக்காரர் ஒருவர் ஒட்டித் தரச் சொல்லி ஏதோ ஒரு துண்டை வைத்துவிட்டுப் போனார். அக்கா யோசனையோடு அதை எடுத்து, அடியில் பூசி, வைத்து, தூரிகையால் ஓரத்தில் கோடு இழுத்தார். தன் பக்கத்து ஓரத்தில். கை பாட்டுக்குச் செய்தது. பாதிக் கோட்டில் கை நின்றுவிட்டது.

படிகத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் கோந்து மட்டும் எப்போதும் அவர் பக்கம்தான். மேடையில் பார்த்தால் ஒன்பது–மூன்றாக ஓடும். குளிரில் கோந்து சுருங்கும், படிகத்தைப் பிடித்து இழுக்கும். முதல் தடவை கடலை அந்தக் கோந்துக்கு நேர் குறுக்கே, பன்னிரண்டு–ஆறில் நின்றது. இரண்டாம் தடவை கோந்து அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் படிகம் திரும்பிவிட்டதால் பன்னிரண்டில் அதற்குக் கோடே இல்லை. பக்கத்தில் இருந்தவை ஒன்றும் பதினொன்றும்தான். இரண்டில் ஒன்றில் போய் உட்கார்ந்திருக்கிறது.

'இந்தத் திசை இந்தப் படிகத்தின் பிறவிக்குணம்' என்று கட்டுரையில் எழுதியிருந்தார்.

மேடமும் சமையல்காரரும் வந்ததும் தாளைக் காட்டினார்.

"அக்கா, அப்ப ஊரெல்லாம் புகழ்ந்த அந்த ஓரக்கோந்துதான் உள்குத்து வேலை பார்த்திருக்கா?"

"ஆமா. நான்தான்."

மேடம் தாளை வாங்கிப் பார்த்தார். "கதை நல்லா இருக்கு. முடிவு தெரிஞ்ச பிறகு யாரு வேணா காரணம் சொல்லலாம்."

"அதனால முன்னாடியே சொல்லிடுறேன் மேடம். இன்னும் ஒரு தடவை குளிர வைக்க நேரம் இருக்கு. படிகத்தை அசைக்க மாட்டேன். பழைய கோந்துக் கோட்டை மட்டும் தூரிகையால கரைச்சு எடுத்துட்டு, அந்த உடைஞ்ச மூலையில சரிவா ஒரு கோடு போடுறேன். அது ரெண்டு–எட்டா ஓடும். கடலை அதுக்குக் குறுக்க வரணும்."

கரும்பலகையில், போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற மாதிரி, பெரிதாக எழுதினார்: பதினொன்று–ஐந்து. கீழே இன்னொரு வரி: வராவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.

"ரெண்டாவது வரி தேவையா?" என்றார் சமையல்காரர். "அதுல என் பேரும் இருக்குக்கா."

"உங்க பேரை எடுத்துடட்டுமா?"

அவர் பலகையை இன்னொரு தடவை படித்தார். "வேணாம். வேகலன்னா சமையலைத்தான் சொல்வாங்க. இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலை கலம் குளிர்ந்துகொண்டிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு எண்களைப் பார்ப்பதைத் தவிர செய்ய ஒன்றும் இல்லை. அக்கா நடைக்கூடத்துக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, அவ வீடுதான் பிடிச்சிருக்கா?"

"பிடிக்கிறது என்னடி? மூணும் என் வீடுதான்."

"அப்புறம் ஏன் அங்க?"

"உங்க வீட்டுக் குளியலறைப் படி கொஞ்சம் உயரம். குளிர்காலத்துல முட்டி மடங்க மாட்டேங்குது. வேற ஒண்ணும் இல்ல."

"படியா?"

"ஆமா. நீ என்ன நினைச்ச?"

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். "இந்த ஒரு படியை அவர் அரை நாள்ல இடிச்சிருப்பாரேம்மா."

"இதெல்லாம் போய் மருமகன்கிட்ட சொல்லுவாங்களா?"

உள்ளேயிருந்து சமையல்காரர் கூப்பிட்டார். "அக்கா, சுத்த ஆரம்பிச்சிடுச்சு."

திரையில் புள்ளி புள்ளியாகக் கோடு வளர்ந்தது. பன்னிரண்டைத் தாண்டி ஒன்றை நெருங்கியபோது கோடு வெளிப்பக்கம் உப்பியது. சமையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பழைய இடத்திலேயே நிற்கிறது என்றால் எல்லாம் முடிந்தது. வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், யாரும் கடலை ஜோக் சொல்லவில்லை. உப்பல் சிறிதாகவே அடங்கி உள்ளே வந்தது. மூன்றில் இடுப்பு. ஐந்தை நோக்கிக் கோடு மறுபடி வெளியே போகத் தொடங்கியது. போய்க்கொண்டே இருந்தது. ஐந்தில் உச்சி தொட்டுத் திரும்பியது. ஏழில் சின்ன முண்டு. பதினொன்றில் மறுபடி பெரிய உப்பல்.

கடலை பதினொன்று–ஐந்தில் கிடந்தது. ஒன்று–ஏழில் மட்டும் இரண்டு பக்கமும் சின்னதாகப் புடைத்திருந்தது.

"முண்டு எங்கேருந்து வந்துச்சு?" என்றார் மேடம்.

"கொஞ்சம் இடத்துல பழைய கோந்துக் கோடே இருக்கு போல மேடம். முழுசா எடுபடல. அதையும் மறைக்காம அப்படியே போட்டுடுறேன்."

மேடம் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே இரண்டாவது வரியை அழித்தார்.

மாலைக்குள் அக்கா பத்திரிகைக்கு எழுதினார். 'சரி' என்று எழுதவில்லை. ஒரு வரி தப்பு, அதை எடுத்துவிட்டு இரண்டு புதுப் படங்கள் சேர்க்க வேண்டும், மறுபடி பரிசீலிக்க நேரம் எடுத்தாலும் பரவாயில்லை என்று கேட்டுக்கொண்டார். மறுபரிசீலனையில் யார் கையில் போய்ச் சிக்கும், எப்போது வெளிவரும், வருமா என்பதற்கெல்லாம் உத்தரவாதம் இல்லை. குளிர்கலத்தை அடுத்த குழு உருட்டிக்கொண்டு போக ஆள் அனுப்பியிருந்தது.

அப்புறம் அந்த விருந்தாளிக்குத் தனியாக ஒரு குறிப்பு. சமையல்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

'நீங்கள் கேட்டதற்குப் பதில்: கடலை படிகத்துடையதுதான். மூன்றில் ஒன்றைப் பிடித்தே தீருவேன் என்று நின்றது அது. எந்த ஒன்று என்பதை மட்டும் என் கோந்து சொல்லிவிட்டது.'

"அனுப்பிடாதீங்கக்கா. காலம்பூரா இதைச் சொல்லியே கிண்டல் பண்ணுவாங்க."

"பண்ணட்டும்" என்று அக்கா பொத்தானை அழுத்தினார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கணவருக்குப் போன் போட்டார். "வரும்போது ஒரு கடப்பாறை எடுத்துட்டு வாங்க. குளியலறைப் படியை இடிக்கணும்."

"இந்நேரத்துக்கா? எதுக்கு?"

"வந்து சொல்றேன்."